சிலேட்டில் இருக்கும் மூன்றாவது சொல்

நான் எழுதுவது கோணல்மாணலாகத்தான் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் கடையில் வாங்க வேண்டிய சாமான்களின் பெயர்தான். மறதியும் இப்போது ஜாஸ்தியாகிவிட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது மாறிப்போகிறது. ஆனால் சமையல்கட்டில் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற சிலேட்டைப் பார்த்தால் எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிடும். சட்டத்தில் ஒரு மூலை உடைந்த சிலேட்டு. அதில் மூன்று சொல் இருக்கிறது. இரண்டு சொல் சார் எழுதியது. மூன்றாவது நான் எழுதியது. ஒரு வருஷத்துக்கு மேலாக அதன்மேல் ஈரத்துணி படவில்லை. தாளிக்கிற புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து எழுத்து மங்கிவிட்டது. எனக்கு மட்டும் தெரியும்.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் இருக்கிறது இந்த வீடு. வீட்டுக்காரர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். கீழே சமையல்கட்டும் ஒரு சின்ன அறையும் எனக்கு. மாடி அறை, மலையைப் பார்க்க வந்து தங்குகிறவர்களுக்கு. கூட்டிப் பெருக்குவது, துணி அலசுவது, கேட்டால் ஒரு வாய் சமைத்துப் போடுவது என் வேலை. எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். மௌனம் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மாசக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. மாடியில் நாற்காலி போட்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குப் போனவர்கள் உண்டு. வந்த நாள் முதல் தொண்டையைக் காறுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தவர் இந்த சார் ஒருவர்தான்.

சாருக்கு நாற்பது வயசு இருக்கும். ஒல்லியான ஆள். ஒரு பை, இரண்டு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் சாமான். சொந்த ஊர் தாம்பரம். வெளிநாட்டில் ரொம்ப வருஷம் வேலை பார்த்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். முதல் வாரமே பக்கத்து வீட்டு பாயம்மா, தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“யக்கா, உங்க மாடி சாருக்கு சளி ஜாஸ்தியாக்கீது போல. மொளகு தட்டிப் போட்டு ஒரு கஷாயம் வெச்சிக் குடுக்கா. எனக்கு ஊசில நூல் கோக்கவே ஓடல.”

நானும் உண்மையாகவே கஷாயம் வைத்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். சார் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அதே சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் நாலைந்து பேர் முகம் தெரிந்தது. அவர்களும் அதே மாதிரி காறினார்கள். சார் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். சளி இல்லையாம், பாஷையாம். கிளிங்கன் என்று பேர். எந்த ஊர் பாஷை சார் என்று கேட்டேன். எந்த ஊரும் இல்லை, ஆகாசத்தில் எங்கேயோ சண்டைக்காரர்கள் இருக்கிற மாதிரி யாரோ கதை கட்டினார்கள், அந்தச் சண்டைக்காரர்கள் பேசுவதற்காக ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை என்றார். அதைக் கற்றுக்கொள்ள உலகத்தில் ஆள் இருக்கிறார்கள் என்றும், அவர்களுக்குத் தான் வாத்தியார் என்றும் சொன்னார். ஜெர்மனியில் ஒரு பஸ் டிரைவர். ஜப்பானில் ஒரு பல் டாக்டரம்மா. கஷாயத்தை அவரே குடித்துவிட்டார்.

நான் எப்படி அதற்குள் இழுபட்டேன் என்றால், இந்த சிலேட்டால்தான். முன்பெல்லாம் வாங்க வேண்டிய சாமானை இதில் எழுதி வைப்பேன். ஒருநாள் சார் கடைக்குப் போவதாகச் சொல்லி சிலேட்டைப் பார்த்தார். உப்பு, துவரம்பருப்பு என்று இருந்தது. உப்பு இருக்குதா இல்லையா, ஏன் பேரை மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை என்று எழுதக் கூடாது சார் என்றேன். எங்கள் வீட்டில் உப்பு, அரிசி, மஞ்சள் இதெல்லாம் தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்லக் கூடாது, வாங்கணும் என்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு இல்லை என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. விளக்கு அணைந்தால்கூட அணைந்தது என்று சொல்ல மாட்டோம், மலையேறிவிட்டது என்போம். கல்யாணமாகி வந்த முதல் மாசம் விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். மாமியார் அடுப்புக்கரி பட்ட கையோடு என் வாயைப் பொத்தினார். பல்லில் கரி நரநரவென்று கடிபட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எனக்கு அந்தச் சொல் எந்தக் கிழமையிலும் சுலபமாக வந்ததில்லை. யார் எது கேட்டாலும் சரி என்பேன், பார்க்கலாம் என்பேன், ஆகட்டும் என்பேன். முடியாது என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. என் பங்கு நிலத்தை அண்ணன்மார் கேட்டபோதும் ஆகட்டும் என்றுதான் சொன்னேன்.

இதைக் கேட்டதும் சார் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக, “இல்லை”, “மாட்டேன்” என்று சொல்லுகிற வாக்கியங்களை மட்டும் வைத்து ஒரு பாடம் தயார் பண்ணிக்கொண்டிருந்தாராம். அதை முதலில் ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றார்.

“உங்களுக்கு அந்தப் பாஷையப் பத்தி ஒன்னுமே தெரியாது ஆயா. அதான் எனக்கு வேணும். உங்களுக்குப் புரிஞ்சுட்டா உலகத்துல யாருக்கும் புரியும்.”

அது எனக்குக் குத்தியது. ஆனாலும் வழக்கம் போல ஆகட்டும் சார் என்றேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படியில் நான் கீழ்ப்படியிலும் அவர் மேல்படியிலுமாக உட்காருவோம். பாடம் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் அப்படி இல்லை. நம் தமிழில் வினைச்சொல்லோடு வால் மாதிரி ஒட்டிக்கொள்கிறதே, அதே மாதிரி அதிலும் ஒட்டும் என்றார். ஷோப் என்றால் சாப்பிடுவது. நான் என்று சொல்ல அதற்கு முன்னால் ஜி போட வேண்டும். ஜிஷோப் என்றால் நான் சாப்பிடுகிறேன். வாலில் பெ என்று ஒட்டினால், ஜிஷோப்பெ, நான் சாப்பிடவில்லை. பெ என்று சொல்லிவிட்டு விக்கல் பாதியில் நின்ற மாதிரி தொண்டையை டக்கென்று மூட வேண்டும். பெ-க்குப் பதிலாகக் கோ போட்டால், ஜிஷோப்கோ, நான் சாப்பிட மாட்டேன். இந்தக் கோ தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும். நடக்கவில்லை என்பதற்கு ஒன்று, செய்ய மாட்டேன் என்று மறுப்பதற்கு ஒன்று. இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அரை மணி நேரம் ஆகிறது, நீங்கள் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டீர்கள் என்றார். ஒருத்தரைப் பார்த்து செய்யாதே என்று சொல்லவும் கோ தானாம், அங்கே பெ வராதாம்.

அப்புறம் காலையில் தோசைக்குக் கூப்பிட்டால் மாடியிலிருந்தே ஜிஷோப்கோ என்று கத்துவார். பாயம்மா தன் வீட்டிலிருந்து, “சாப்டலன்னா எனக்கு அனுப்பி வையுக்கா, நான் தமிழ்லயே சாப்டறேன்” என்பார். நானும் சிரித்தேன். அந்த வயசில் எனக்குப் பாடம் சொல்லித்தர ஒருவர் இருந்தது சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

ஒருநாள் விப் என்று ஒரு வால் சொல்லிக்கொடுத்தார். அதை ஒட்டினால் பயம் என்று அர்த்தம் வரும். செக் என்றால் திரும்பி வருவது. முன்னால் ஒன்றும் போடாவிட்டால் அவன் என்று அர்த்தம். செக்விப் என்றால் அவனுக்குத் திரும்பி வரப் பயம். பெ எதன் பின்னால் ஒட்டுகிறதோ அதைத்தான் இல்லை என்று சொல்லும் என்று காட்டுவதற்காக, செக்விப்பெ, திரும்பி வர அவனுக்குப் பயம் இல்லை, என்றும் எழுதிக் காட்டினார். நான் உடனே முன்னால் ஜி போட்டு, ஜிசெக்விப், எனக்குத் திரும்பிப் போகப் பயம், என்று கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். சார் தலையை ஆட்டினார்.

“எலக்கணப்படி தப்பில்ல ஆயா. ஆனா அந்த ஜனங்க நான் பயப்படறேன், நாங்க பயப்படறோம்னு வாய் விட்டுச் சொல்லவே மாட்டாங்க. சொன்னா மானக்கேடு. உங்க வீட்டு உப்பு மாதிரிதான்.”

சொல்லிவிட்டு அன்றைக்குப் பாடத்தை அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அந்த அம்மாவுக்காகத்தான்.

சார் தன் போன் நம்பரை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. தங்கியிருக்கிற வீட்டு நம்பர் என்று என் பட்டன் போன் நம்பரைக் கொடுத்திருந்தார். அந்த அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவார். அவர் அங்கே விளக்கேற்றிவிட்டுப் போனை எடுப்பார். நானும் இங்கே அப்போதுதான் விளக்கேற்றியிருப்பேன். முதல் தடவை மாடிக்கு ஓடினேன். சார் போனைக் கையால்கூடத் தொடவில்லை. நான் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று வாயசைத்தார். போனை வைத்துக்கொண்டு படியில் நின்றேன். விளக்கு எரிகிறது, வெள்ளிக்கிழமை. இல்லை என்ற சொல் எனக்கு எழும்பவில்லை. வெளியில் போயிருக்கிறார்மா, வந்ததும் சொல்கிறேன் என்றேன். வருவானாம்மா என்று கேட்டார். அவர் கேட்டது அன்றைக்கு மாடிக்கு வருவதை இல்லை, தாம்பரத்துக்கு வருவதை. எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டேதான் சொன்னேன். வருவார்மா என்றேன்.

அந்த ஒரு பதிலையே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னேன். சார் சொல்லிக்கொடுத்தது வேறு. ஊரில் இல்லை என்று சொல்லுங்கள் என்றார், அறையைக் காலி செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றார், ஒருநாள் பொறுமை தப்பி, இனிமேல் வரமாட்டான் என்று ஒரே தடவையாகச் சொல்லித் தொலையுங்கள் என்றார். அதை அவர் வாயால் சொல்லியிருக்கலாம். ஜெர்மனிக்காரனுக்கும் ஜப்பான்காரிக்கும் மாட்டேன் என்று சொல்ல நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பெற்றவளிடம் அதைச் சொல்ல என் வாய் வேண்டியிருந்தது. எடுத்ததும் எடுத்தார், உலகத்திலேயே இல்லை என்று சொல்லத் தெரியாத வாயாகப் பார்த்து எடுத்தார்.

வாரம் ஒரு தடவை பேசிப் பேசி அந்த அம்மா எனக்குப் பழகிவிட்டார். முகம் பார்த்ததில்லை. குரலிலேயே அன்றைக்கு முட்டி வலி கம்மியா ஜாஸ்தியா என்று தெரிந்துவிடும். தனியாக இருந்தார். அவர் வீட்டுக்காரர் ஊரடங்கு சமயத்தில் போய்விட்டாராம். மகன் அப்போது வெளிநாட்டில். விமானம் ஓடவில்லை. அப்பாவை எடுத்துக்கொண்டு போனதைப் போனில்தான் பார்த்தானாம். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன்.

“நான் ஒரு வார்த்த கேக்கலம்மா அவன. கேட்டதெல்லாம் சொந்தக்காரங்க. பெத்தவனுக்குக் கொள்ளி வெக்க வராத புள்ளன்னு போன்லயே பேசிட்டாங்க. அதுக்கப்பறம் அவன் இந்த வாசல மிதிக்கல.”

அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் சொல்லியிருந்தார். பெரிய காரியம் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் சொன்னாராம். இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “கட்டப் பிரிக்கறப்ப மொதல்ல அவன் மூஞ்சியத்தான் பாக்கணும். நீதான் வருவான்னு சொல்றியேம்மா, வரட்டும்” என்றார். பொங்கல் முடியட்டும் என்று தள்ளினார். அப்புறம் சித்திரை. ஆடியில் வேண்டாம் என்றார். பாத்ரூம் படி தெரிவதில்லை, காலால் துழாவித்தான் இறங்குகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நான் என்ன செய்தேன்? தீபம் முடிந்ததும் வருவார்மா, இங்கே தீபத்துக்கு ஒரே கூட்டம், பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு காரணமும் சேர்த்துச் சொன்னேன். பொய்யை அழகாகச் சொல்ல எனக்கு வந்தது. இல்லை என்று சொல்லத்தான் வரவில்லை.

வழக்கம், வழக்கம் என்று சொல்கிறேன். நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். விளக்கும் வெள்ளிக்கிழமையும் எனக்கு ஒரு சாக்கு. ஒருத்தரின் குரல் உடைந்துபோவதை என் காதால் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

தீபம் முடிந்தது. மலை மேலே கொப்பரை எரிந்து அடங்கிய மறுநாள், சார் காப்பிக்குக் கீழே வந்தபோது கேட்டுவிட்டேன். உங்கள் அம்மா கண் ஆபரேஷனைக்கூடத் தள்ளி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் சார், போவீர்களா, மாட்டீர்களா, எனக்கு ஒரு பதில் வேண்டும் என்றேன். நான் அவ்வளவு பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அவர் சிலேட்டை எடுத்து, அதிலிருந்த சாமான் பேரை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சொல் எழுதினார். செக்பெ. செக்கோ. அவன் திரும்பி வரவில்லை. அவன் திரும்பி வர மாட்டான்.

“இதுல எதாவது ஒன்ன சொல்லுங்க ஆயா. ரெண்டும் சரிதான்” என்றார்.

பெற்றவளின் கண்ணைப் பற்றிக் கேட்டால் பாடம் நடத்துகிறார். மூன்றாவதாக ஒன்று சொல்லிக்கொடுத்தீர்களே சார், பயத்துக்கு, என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. சாக்பீஸை அஞ்சறைப்பெட்டி மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். காப்பி ஆறி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அன்றிலிருந்து எங்களுக்குப் படியில் பாடம் நின்றுபோனது.

தை மாசம் என்று ஞாபகம். வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. கிழமை மாறி வந்ததுமே நல்ல செய்தியாக இருக்காது என்று தெரிந்துவிட்டது. பேசியது அந்த அம்மாவுக்குக் கீழ் வீட்டில் இருப்பவர். அம்மா பாத்ரூம் படி தெரியாமல் விழுந்துவிட்டார்கள், தலையில் அடி, இடுப்பும் உடைந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், மகனை உடனே அனுப்புங்கள் என்றார். மாடிக்குப் போய் சொன்னேன். சார் பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். நான் வாசலில் நின்று கும்பிட்டேன். பாயம்மாவும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியில் வந்து நின்றார்.

மத்தியானம் ஒரு மணிக்கு அதே பையோடு திரும்பி வந்தார்.

“பஸ் இல்ல ஆயா” என்றார்.

திருவண்ணாமலையிலிருந்து தாம்பரம் வழியாகப் போகிற பஸ் இல்லையாம். பௌர்ணமி இல்லை, தீபம் இல்லை, சாதாரண வியாழக்கிழமை. பத்து நிமிஷத்துக்கு ஒன்று கிளம்புகிறது. கண்டக்டர்கள் ஆளைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுகிறார்கள். நான் அஞ்சறைப்பெட்டி மேலிருந்த சாக்பீஸை எடுத்து, அவர் எழுதிய இரண்டு சொல்லுக்குக் கீழே மூன்றாவதை எழுதினேன். செக்விப். என் எழுத்து பெரிசு பெரிசாக, சாய்ந்து இருக்கும். அவர் நின்று படித்தார். தப்பு என்று சொல்லவில்லை. மாடிக்குப் போனார். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு மேலே அந்தக் காறல் சத்தம் கேட்டது. அன்றைக்கும் வகுப்பு எடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து யார் கையிலாவது போனைக் கொடுத்துக் கூப்பிடுவார் என்று ஒரு நினைப்பு. இன்றைக்கு விளக்கு எரிந்தாலும் எரியட்டும், உள்ளதைச் சொல்லிவிடுவது என்று மனசைக் கட்டி வைத்திருந்தேன். திரி கருகி விளக்கு மலையேறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுக்காரர் கூப்பிட்டார். எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவையும் கொள்ளி வைத்தது சித்தப்பா மகன்தான்.

சார் பத்து நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. வாசலில் வைக்கிற சாப்பாடு பாதி தீர்ந்திருக்கும். பத்தாம் நாள் பையோடு இறங்கி வந்தார். வடக்கே எங்கேயோ ஒரு ஊர் பேர் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. போறேன் ஆயா என்றார். நானும் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. என் ஆயுசில் ஒருவரை அப்படி அனுப்பியது அது ஒரு தடவைதான். அவர் நல்லவரா கெட்டவரா என்று பாயம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் பேசிய பேச்சு அவரைத் தின்றுவிட்டது என்பது தெரிகிறது. அதற்காக மனசு இறங்க வேண்டும் என்று பார்க்கிறேன், இறங்கவில்லை. அவர்மேல் இருக்கிற கோபத்தைவிடப் பெரிய கோபம் என்மேல் வரும்போது இரண்டு நாள் சாப்பாடு இறங்குவதில்லை.

மாடியில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். மௌனக்காரர். போன மாசம் பாயம்மாவின் மகள் போனில் ஏதோ தேடியபோது சாரின் பாடம் வந்ததாம், ஓடி வந்து காட்டினாள். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்று தலைப்பாம். சார் வாக்கியத்தைச் சொல்கிறார், அதற்குப் பின்னால் ஒரு கிழவி திருப்பிச் சொல்கிறாள். ஜிஷோவ்பெ, எனக்குத் தெரியாது. ஜியஜ்பெ, எனக்குப் புரியவில்லை. ஜிஷோப்கோ, சாப்பிட மாட்டேன். படியில் உட்கார்ந்து சொன்னதை அவர் பிடித்து வைத்திருக்கிறார். நான் சொன்னதுதான், என் குரல்தான். எவ்வளவு திருத்தமாகச் சொல்லியிருக்கிறேன். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் என் குரலைக் கேட்டு இல்லை என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். பாயம்மா, “பரவால்லக்கா, வாத்தியாரம்மா ஆயிட்ட” என்றார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே வந்தால் சிலேட்டுதான் எதிரில் இருக்கிறது. முதல் இரண்டு சொல்லில் ஒன்றை அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால், ஒரு வாரம் அழுதிருப்பார், அப்புறம் ஆபரேஷன் செய்துகொண்டிருப்பார், படி தெரிந்திருக்கும். இது ஒரு கணக்கு. ஆனால் என்னைத் தின்பது மூன்றாவது சொல்தான். அதை நான் அவரிடம் எழுதிக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டிய இடம் அதுவல்ல. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, அதில் இல்லை என்ற சொல்லே வராமல், விளக்குக்கும் குறையில்லாமல், உங்கள் பிள்ளைக்கு உங்கள் முன்னால் வந்து நிற்கப் பயம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குப் பயம் என்று கேட்டால் அந்த அம்மா சும்மா உட்கார்ந்திருப்பாரா? கண் தெரியாவிட்டாலும், யார் கையையாவது பிடித்துக்கொண்டு, பஸ் ஏறி, இந்தச் சந்தைக் கேட்டுக் கேட்டு வந்து இறங்கியிருப்பார்.

எழுதியதில் தப்பு இருந்தால் அந்தப் பாஷை தெரிந்த யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். சத்தத்தைக் கேட்டு எழுதினேன், எழுத்து மாறியிருக்கலாம். இன்னொன்றும் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பயப்படுகிறேன், நாங்கள் பயப்படுகிறோம் என்று அந்த ஜனங்கள் சொல்லக் கூடாது என்று சார் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருவருடைய பயத்தை அவருக்காக இன்னொருவர் சொல்லலாமா என்று நான் கேட்டேனா, அவர் பதில் சொன்னாரா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.